ரகசியம் பேச உபினுக்குப் போனோம்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் ரகசியம் பேச இடம் கிடையாது. வீட்டுக் கதவைத் திறந்து வைத்தால் காரிடாரில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கும். மூடி வைத்தால், "என்னம்மா, பட்டப்பகல்ல கதவு சாத்தியிருக்கு, உடம்பு சரியில்லையா?" என்று தட்டிக் கேட்பார்கள். கீழே வாய்ட் டெக்கில், அந்தத் திறந்த தரைத்தளத்தில், உட்கார்ந்தால் தூணுக்குத் தூண் காது. தேக்கா மார்க்கெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காலையில் மீன்கடையில் ஒரு வார்த்தை விட்டால், நான் காய்கறிக் கடைக்குப் போய்ச் சேருவதற்குள் அது எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருக்கும். போகிற வழியில் கையும் காலும் வேறு முளைத்திருக்கும்.

அதனால்தான் என் தோழி புலாவ் உபின் தீவைப் பிடித்தாள் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. "அக்கா, சனிக்கிழமை கயாக் போவமா?" என்று கேட்டாள். போட்டுக்கொள்ளத் தொப்பி இருக்கிறதா என்றுதான் நான் யோசித்தேன். கயாக் என்றால் ஒருவர் ஓட்டுவார், நாம் காலை நீட்டி உட்கார்ந்து கொறித்துக்கொண்டே போகலாம் என்று நினைத்துவிட்டேன். வறுத்த கச்சான் கடலைகூட ஒரு பொட்டலம் எடுத்து வைத்தேன்.

தோழி எனக்கு நேர் மேல்மாடிக்காரி. பழக்கம் ஆரம்பித்தபோது எங்கள் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. எனக்கு இரண்டு மாடி கீழேயே நின்றுவிடும். அங்கிருந்து அரிசி மூட்டையோடு மூச்சு வாங்கிக்கொண்டு படியேறிய இரண்டு பெண்கள், நடுவில் நின்று இளைப்பாறும்போது சிநேகிதமாகிவிட்டோம். பிறகு லிஃப்ட்டைச் சரிசெய்தார்கள். எங்களைச் சரிசெய்ய யாராலும் முடியவில்லை. நான் பிரைமரி ஃபோரோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு எலெக்ட்ரானிக் ஃபேக்டரிக்குப் போனவள். அவள் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். ஆங்கிலத்தில் ஏதாவது வந்தால் எனக்கு அவள் படித்துச் சொல்வாள். அவள் வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் நான் போய் அடித்துக் கொடுப்பேன்.

அவள் வீட்டார் யாழ்ப்பாணத்துக்காரர்கள். மலாயா ரயில்வேயில் குமாஸ்தா வேலைக்கென்று தாத்தா காலத்திலேயே வந்துவிட்டார்கள். எங்களோடு பேசிப் பேசி அவள் தமிழ் பாதி எங்கள் தமிழாகிவிட்டது. மனசு கலங்கினால் மட்டும் "ஓம்", "ஒண்டும் இல்லை" என்று வீட்டுத் தமிழ் எட்டிப் பார்க்கும். அதை வைத்தே அவளுக்கு எவ்வளவு காய்ச்சல் என்று நான் சொல்லிவிடுவேன். கணவர் போய்ப் பல வருடம் ஆகிறது. ஒரே மகன், செங்காங்கில் பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறான். நல்ல பையன். மாதம் தவறாமல் வந்து ஃபிரிட்ஜை நிரப்பிவிட்டுப் போவான்.

சாங்கியில் படகேறி உபினுக்குப் போனோம். கரையில் எங்களுக்கு வழிகாட்டி ஒரு மலாய்ப் பெண், ஐம்பதை ஒட்டிய வயது, அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவளாம். எங்களோடு இன்னொரு ஜோடியும் வந்திருந்தது. இளம் புருஷன் பெண்டாட்டி. இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். அவன் நிறத்தையும் உயரத்தையும் பார்த்து வடநாட்டுக்காரர்கள் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். தோழியும் தலையாட்டினாள். படித்தவளும் தலையாட்டிவிட்டாளே, அப்புறம் என்ன.

கயாக்கைப் பார்த்ததும் என் கச்சான் பொட்டலம் கையிலேயே நின்றுவிட்டது. ஒரு நீளமான பிளாஸ்டிக் தொட்டி. அதில் இரண்டு குழி. ஆளுக்கு ஒரு துடுப்பு.

"ஓட்டுறவர் எங்க?" என்றேன்.

"நாங்கதான் அக்கா."

"என்னது, ரெண்டு கிழவிகளுமா?"

"உங்களுக்குத்தான் கிழவி. எனக்கு நாலு வயசு குறைவு."

யார் முன்னால், யார் பின்னால் என்ற கேள்வி வந்தது. வழிகாட்டி எங்கள் இருவரையும் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மிக மரியாதையாக எனக்குப் பின் குழியைக் காட்டினாள். கனத்த ஆள் பின்னால் இருக்க வேண்டுமாம். முன்னால் இருப்பவர் துடுப்பு போடும் வேகத்தைப் பார்த்துப் பின்னால் இருப்பவரும் அதே மாதிரி போட வேண்டும். திசை திருப்புவது பின்னால் இருப்பவர் பொறுப்பு. "ஆக, போறது அவ இஷ்டம், முட்டுனா என் குத்தம்," என்றேன். தோழி அதை எல்லாருக்கும் புரிய ஆங்கிலத்தில் சொன்னதும் வழிகாட்டி சிரித்துக்கொண்டே, "யெஸ் லா ஆன்ட்டி, கரெக்ட்," என்றாள்.

முதலில் வட்டமடித்தோம். நான் இடது போட்டால் அவள் வலது. துடுப்பும் துடுப்பும் மோதி டக்கென்று சத்தம். "என்னைப் பாருங்க அக்கா, என்னைப் பார்த்துப் போடுங்க," என்று அவள் கத்த, நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே போட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் படகு நேராகிவிட்டது.

இத்தனை வருடத்தில் அவள் முதுகை நான் இப்படிப் பார்த்ததே இல்லை. டீ குடிக்கும்போது எதிரெதிரே உட்காருவோம். பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில். லைஃப் ஜாக்கெட்டுக்கு மேலே மெலிந்த கழுத்து. தாலி இருந்த இடத்தில் நூல் மாதிரி ஒரு சங்கிலி. கொண்டைக்குக் கீழே முடியெல்லாம் கருகருவென்று இருந்தது. நரை ஒரு சிட்டிகைகூட இல்லை. புதிதாகச் சாயம் போட்டிருக்கிறாள். தீபாவளிக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. வேர்வை கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது.

கடலோரமாகப் போய் ஜெலுத்தோங் ஆற்று வாய்க்குள் திரும்பினோம். சட்டென்று காற்று நின்றது. இரண்டு பக்கமும் காடு தண்ணீருக்குள் இறங்கி நின்றது. நாங்கள் பக்காவ் மரம் என்போம், தோழி வீட்டில் கண்டல் என்பார்கள். ஒவ்வொரு மரமும் தன் வேரை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, சேறு படாமல் புடவையைத் தூக்கிப் பிடித்த மாதிரி நிற்கிறது. பக்கத்துச் சேற்றில் பென்சில் நட்டு வைத்தது போல் குச்சி குச்சியாக வேறொரு மரத்தின் வேர். அது மூச்சு விடுகிற வேராம். சேற்றில் ஒரு மீன் துடுப்பை ஊன்றித் தத்தித் தத்திப் போனது. மீனாய்ப் பிறந்துவிட்டோம், அதற்காகத் தண்ணீரிலேயே கிடக்க வேண்டுமா என்று அதுவும் ஒருநாள் யோசித்திருக்கும்.

வழிகாட்டி முன்னால் போனாள். அந்த ஜோடி எங்களுக்குப் பின்னால் எங்கேயோ மெதுவாக வந்தது.

"அக்கா," என்றாள் தோழி, திரும்பாமல். "ஒரு விசயம் சொல்லோணும். நீங்க சிரிக்கக் கூடாது."

சொல்லோணும் என்றாளே, வீட்டுத் தமிழ் எட்டிப் பார்த்துவிட்டது. ஆஸ்பத்திரி விஷயம் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் வயதில் வேறென்ன நினைப்பது?

"சொல்லு புள்ள. டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்லை. கோயில்ல அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போறன்தானே, அங்க பூசணிக்காய் வெட்டுவாரே ஒருத்தர்..."

"பஸ் ஓட்டினவரா? மனைவி தவறிப் போனவரு?"

"ஓம். அவர் கேட்டவர்."

"பூசணிக்காயா?"

"என்னைத்தான்."

என் துடுப்பு நின்றுவிட்டது. படகு தன்பாட்டுக்குப் போய் ஒரு வேரில் மெல்ல இடித்து நின்றது.

அவள் நேராக முன்னால் பார்த்தபடி, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லி முடித்தாள். அவரும் தனியாக இருக்கிறார். பதிவு பண்ணிக்கொண்டு ஒன்றாக இருக்கலாமா என்று போன சனிக்கிழமை கேட்டாராம். யோசித்துச் சொல்லட்டும் என்று ஒரு வாரம் விட்டிருக்கிறார். லீவில் வந்திருக்கும் அவருடைய மகள் இன்றைக்கு இரவு லண்டனுக்குத் திரும்புகிறாள். போனில் சொல்லாமல் மகளின் முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. அதனால் இன்று சாயங்காலத்துக்குள் தோழி பதில் சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்றாலும் சரிதானாம், அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாராம்.

"நீ என்ன சொல்லப் போற?"

"தெரியாமத்தானே உங்களை இங்க இழுத்துக்கொண்டு வந்தனான். நாலு பேர் என்ன சொல்லுவினம் அக்கா? மகன் என்ன நினைப்பான்? அறுபது தாண்டின பிறகு இது என்ன கூத்து எண்டு சிரிக்க மாட்டினமா?"

எனக்கு வாயில் வந்தது கேள்விதான். "எப்படிடீ ஆரம்பிச்சுது இது? உன்கிட்ட அப்படி என்ன பேசுனாரு?"

"அதிகம் கதைக்க மாட்டார். நான் போறதுக்கு முதல் என்ட கத்தியைத் தீட்டி வச்சிருப்பார். எனக்கு மட்டும். மற்றவங்க எல்லாரும் மொட்டைக் கத்தியோட மல்லுக்கட்டுவாங்க."

"கத்தி தீட்டினாரா? அது காதலா இல்ல கொலை முயற்சியா?" என்றேன்.

எப்போதும் இந்த மாதிரி ஒன்று சொன்னால் அவள், "அக்கா, விசர்க் கதை கதைக்காதீங்க," என்று தோளில் தட்டுவாள். அன்றைக்குத் தட்டவில்லை. தட்டவும் முடியாது, நான் பின்னால் இருக்கிறேன். அந்தக் கழுத்து மட்டும் கொஞ்சம் குனிந்தது. முகம் தெரிந்திருந்தால் நான் உடனே பேச்சை மாற்றியிருப்பேன். கழுத்தைப் பார்த்து என்ன மாற்றுவது? வேரிலிருந்து படகைத் தள்ளிவிட்டேன். இருவரும் துடுப்பு போட்டோம்.

எனக்கு ஏன் அப்படி வந்தது என்று துடுப்பு போட்டுக்கொண்டே யோசித்தேன். பயம்தான். சாயங்காலமானால் என் வீட்டு அடுப்பில் டீ கொதிக்கும், மேலேயிருந்து அவள் செருப்புச் சத்தம் இறங்கி வரும். அவர் வீடு தூரம், ஜூரோங் பக்கம். கல்யாணம் பண்ணிக்கொண்டால் இருவருக்கும் சேர்த்து ஒரு அரசாங்க வீடுதான் வைத்துக்கொள்ள முடியும். ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். எந்த வீட்டை என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் என் பயம் வெளியே தெரிந்துவிடும். அதனால் கேட்கவில்லை.

அப்போது பின்னால் இருந்து ஒரு குரல். "ஏங்க, வலது பக்கம் போடுங்கன்னா போட மாட்டீங்களா? பிச்சாவரத்துலயும் இப்படித்தான் மரத்துல கொண்டுபோய் விட்டீங்க!"

சுத்தமான தமிழ். அந்த ஜோடி எங்கள் பின்னாலேயே, கையெட்டும் தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

தோழியின் முதுகு விறைத்துப் போனது. "ஐயோ," என்று மட்டும் சொன்னாள். எவ்வளவு கேட்டார்களோ தெரியாது. தண்ணீரில் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்று எங்கள் இருவருக்கும் அன்றைக்குத்தான் யோசனை வந்தது. காரிடாராவது பரவாயில்லை, நடுவில் ஒரு சுவர் இருக்கும்.

இங்கே எங்கள் வயதுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பக்கத்தில் தமிழ்க்காது இருந்தால் வாய் தானாக மலாய்க்குப் போய்விடும். தேக்காவில் மீன்காரர் எதிரில் விலையைப் பற்றிப் பேச வேண்டுமா, மலாய். பஸ்ஸில் முன்சீட்டில் இருக்கிற மருமகளைப் பற்றியா, மலாய். மலாய்க்காரர்கள் நிறைந்த கேலாங் சிராய்க்குப் போனால் திருப்பிப் போட்டுத் தமிழ். சின்ன வயதிலிருந்தே இப்படி மாற்றி மாற்றிப் பேசிப் பழகியவர்கள் நாங்கள். யோசித்துச் செய்வதில்லை, மழைக்குக் குடை விரிகிற மாதிரி நடக்கும்.

தோழி மலாயில் ஆரம்பித்தாள். பள்ளிக்கூட மலாய் இல்லை, எல்லாருக்கும் தெரிந்த பாசார் மலாய், சந்தையில் பேசுவது. அதில் சொற்களே கொஞ்சம். "அவருக்குத் துணை வேண்டுமாம்", "அப்படி ஒரு யோசனை இருக்காம்" என்று சுற்றி வளைக்க அதில் வழியே கிடையாது. தமிழில் அவள் சுமந்து வந்த மரியாதை, வெட்கம், நாலு பேர் எல்லாம் கரையில் இறங்கிவிட்ட மாதிரி, மிச்சம் இருந்த நாலு சொல்லில் நேராகச் சொன்னாள்.

"டியா மாவ் காவின் சாமா சாயா." அவருக்கு என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டும்.

நானும் மலாயிலேயே கேட்டேன். நீ? உனக்கு வேண்டுமா?

துடுப்பு மூன்று நான்கு முறை தண்ணீரில் விழுந்து எழுந்தது. அப்புறம் சொன்னாள், மெதுவாக, ஆனால் தெளிவாக.

"சாயா சுக்கா டியா."

எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான். இதைத் தமிழில் இந்த வயதில் அவளால் சொல்லியிருக்கவே முடியாது. என்னாலும் முடியாது. என் வீட்டுக்காரரோடு குடித்தனம் பண்ணிப் பேரப்பிள்ளைகளும் எடுத்துவிட்டேன், இன்றுவரை அந்த மனிதரிடம் இந்த வாக்கியத்தை நான் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை. உப்பு கூட, உப்பு கம்மி என்பதைத் தவிர வேறு விமர்சனம் எங்களுக்குள் வந்ததில்லை. இரவல் வாங்கிய மொழியில், ஓட்டைச் சொற்களை வைத்து, அவள் சொல்லிவிட்டாள்.

முன்னால் போய்க்கொண்டிருந்த வழிகாட்டியின் துடுப்பு அந்தரத்தில் நின்றது.

அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. முன்னால் போவது மலாய்க்காரி! தமிழ்க்காதுக்குப் பயந்து ஓடிவந்து மலாய்க்காதில் போய் விழுந்திருக்கிறோம்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல பெண். காட்டைப் பார்த்துப் பேசுகிற மாதிரி, "கலாவ் சுக்கா, துங்கு அப்பா லாகி, மாச்சிக்?" என்றாள். பிடிச்சிருந்தால் இன்னும் என்னத்துக்குக் காத்திருக்கீங்க, பெரியம்மா?

பின்னாலிருந்து அந்தப் பெண் பதறிக்கொண்டு சொன்னாள்: "ஆன்ட்டி, நாங்க ஒண்ணும் கேக்கல!"

அவள் புருஷன், "நீ ஏன் இப்ப வாயைத் திறக்குற? கேட்டது தெரிஞ்சு போச்சில்ல," என்று பல்லைக் கடித்தான்.

"அந்தக் கத்தி விஷயம் மட்டும்தான் காதுல விழுந்துச்சு ஆன்ட்டி," என்றாள் அவள். பிறகு தாங்க முடியாமல், "நெஜமாவே ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றாள்.

தோழி துடுப்பைத் தண்ணீரில் குத்தி இழுக்க ஆரம்பித்தாள். அப்படி ஒரு வேகம். அவளைப் பார்த்துப் போட வேண்டிய நான் மூச்சு வாங்கிப் பின்தங்கினேன். "ஏய், மெல்லடீ! போட்டியா நடக்குது?" என்று கத்தினேன். காதில் விழவில்லை. முன்னால் இருக்கிறவள் ஒரு வேகம், பின்னால் இருக்கிறவள் ஒரு வேகம் என்றால் படகு யார் பேச்சைக் கேட்கும்? கோணிக்கொண்டு போய்ப் பக்கத்து ஓடைக்குள் நுழைந்து, வயிறு தேய்கிற சத்தத்தோடு சேற்றில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. வழிகாட்டி தூரத்திலிருந்து, இறங்காதீர்கள், அப்படியே இருங்கள், மற்றவர்களை அகலமான இடத்தில் நிறுத்திவிட்டு வருகிறேன் என்று கை காட்டினாள். இறங்கினால் தொடை வரை புதையுமாம். நாங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். எங்கும் ஒரே சத்தம், சேறு மூச்சு விடுவது போலச் சொட்டுச் சொட்டாக. ஒரு மீன்கொத்தி எங்களைப் பார்த்துவிட்டு, இதுகளால் நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"நாலு பேருக்குப் பயந்தியே," என்றேன். "இப்ப மூணு பேருக்குத் தெரிஞ்சுபோச்சு. என்ன ஆச்சு?"

"அவங்க யாரோ. நாளைக்கு என்னை எங்க பார்க்கப் போறாங்க?"

"தெரிஞ்சவங்க மட்டும் என்ன, தூக்கிலயா போடப் போறாங்க? ஒரு மாசம் பேசுவாங்க. அப்புறம் வேற எவளாச்சும் எதையாச்சும் செய்வா, அங்க போயிருவாங்க. நானே போயிருவேன்."

அவள் துடுப்பில் ஒட்டிய சேற்றை விரலால் வழித்தாள். அப்புறம், "உங்களுக்குப் பிடிக்கேல்லைத்தானே அக்கா?" என்றாள்.

"நான் எப்ப சொன்னேன்?"

"சொல்லேல்லை. பகிடி விட்டீங்க. உங்களுக்கு ஒண்டு பிடிக்காட்டி முதல்ல பகிடிதானே வரும். எனக்குத் தெரியாதா?"

முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே என் முகத்தைப் படித்துவிட்டாள்.

"நீ போயிட்டா நான் யாரோட டீ குடிக்கிறது?" என்றேன். சொல்லக்கூடாது என்று வைத்திருந்ததுதான். சேற்றில் மாட்டிக்கொண்டவளுக்கு வேறென்ன போக்கு?

"உங்களுக்கு வீட்டில ஆள் இருக்கே அக்கா."

"அந்த ஆளா? டிவியோட பேசுவாரு, என்னோட எங்க பேசுறாரு? நாள் பூரா அவரைத் திட்டியே என் தொண்டை போச்சு."

"ஓம்," என்றாள். "உங்களுக்குத் திட்டுறதுக்கு ஒரு ஆள் இருக்கு. எனக்கு அதுவும் இல்லை. நீங்க திட்டுறது மேல எனக்குக் கேக்கும். சத்தம் நிண்டபிறகு எங்கட வீட்டில ஃபிரிட்ஜ் மட்டும்தான் பேசும்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. மழை வருகிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். நான் அதுவரை அப்படி யோசித்ததே இல்லை. ஒன்றாக டீ குடிக்கிறோம், ஒன்றாகக் கோயிலுக்குப் போகிறோம், ஆகவே அவள் தனியாக இல்லை என்று என் கணக்கு. சாயங்காலம் முடிந்து நான் கதவைச் சாத்தும்போது உள்ளே உப்புக் குறை சொல்ல ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவள் ஒரு மாடி ஏறிப் போகிறாள். அந்த ஒரு மாடியை நான் இத்தனை வருடம் பார்த்ததேயில்லை. அவளைத் தலையசைத்து வழியனுப்பிவிட்டு அடுப்பை அணைக்கப் போய்விடுவேன்.

"எந்த வீட்டுல இருக்கப் போறீங்க?" என்று கேட்டேன், கடைசியில்.

"அதை இன்னும் கதைக்கேல்லை. முதல்ல ஓமா இல்லையா எண்டு தெரியோணுமே."

"மலாய்ல சொன்னியே, அது பொய்யா?"

"இல்லை."

"அப்ப அவ்வளவுதான்டி. சொல்லிட்டே. நான்தான் சாட்சி."

வழிகாட்டி வந்து கயிற்றைக் கட்டி இழுத்தாள். நானும் தோழியும் துடுப்பைச் சேற்றில் ஊன்றித் தள்ளினோம். அவள் "ம்" என்று சொன்னதும் நான் தள்ளுவேன், மறுபடி "ம்". படகு உறிஞ்சும் சத்தத்தோடு விடுபட்டுத் தண்ணீருக்கு வந்தது. இருவர் முகத்திலும் சேறு. வெளிக்கடலுக்கு வரும்வரை துடுப்பு மட்டும் சேர்ந்து விழுந்தது.

கரைக்கு வந்து குளித்து, இளநீர் குடித்து, சாங்கிக்குத் திரும்பும் படகில் ஏறினோம். மரப்படகு, பழைய டீசல் எஞ்சின். ஆள் நிறையும்வரை காத்திருந்து புறப்படும். அந்த ஜோடியும், சென்னைக்காரர்களாம், எங்களுக்கு எதிரே உட்கார்ந்தது. எங்களைப் பார்க்கக்கூடாது என்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாவம். சைக்கிளோடு ஒரு கூட்டம், மூலையில் தமிழ்க் குடும்பம் ஒன்று.

படகு கிளம்பியதும் தோழி கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள்.

"இப்பவா?" என்றேன். "வீட்டுக்குப் போய் நிதானமா பேசேன்."

"வீட்டுக்குப் போனா துணிவு போயிடும் அக்கா."

மணி அடித்தது. அவர் எடுத்துவிட்டார் போல. "ஹலோ," என்றாள் மெல்ல. எஞ்சின் அதை அப்படியே விழுங்கியது. "ஹலோ? நான்தான்... நான்தான் கதைக்கிறன்... கேக்குதா?... நீங்க கேட்டதுக்கு... இல்லை, இல்லை, கேட்டதுக்கு!" அவள் முகமெல்லாம் சிவந்துவிட்டது. அவள் குரல் பள்ளிக்கூட ஆபீஸ் குரல், அதில் கத்தல் கிடையாது. படகு முழுக்க இப்போது பார்த்தது. மறுபடி, "ஓம்! ஓம் எண்டு சொல்றன்!" என்றாள். அவர் அங்கே, "என்ன? என்ன?" என்பது எனக்கே கேட்டது.

சட்டென்று போனை என் கையில் திணித்தாள். "நீங்க சொல்லுங்க அக்கா."

"நானா?"

"உங்களுக்குத்தானே தொண்டை."

ஃபேக்டரியில் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. போனை வாய்க்கு நேராகப் பிடித்தேன். எதிரே அந்தச் சென்னைப் பெண் கடலைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கையைக் கோத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"சம்மதமாம்!" என்று கத்தினேன். "சம்மதம்னு சொல்றா! சரின்னுட்டா!"

சைக்கிள் கூட்டத்தில் யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் எல்லாரும் சிரித்தார்கள். மூலையில் இருந்த தமிழ்க் குடும்பத்து அம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். நாளை காலை தேக்காவில் இது எனக்கு முன்னால் நிற்கும்.

அவர் போனில், "நீங்க யாரு பேசுறது?" என்று கேட்டார்.

"பொண்ணு வீட்டுக்காரங்க!" என்றேன்.

பெண் வீட்டுக்காரி ஆகிவிட்டேன் அல்லவா, நிபந்தனை போட உரிமை வந்துவிட்டது. தோழிக்குக் கேட்காமல் இருக்கக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டு, "மாப்பிள்ளை எங்க புளோக்குக்கே குடி வந்துரணும், ஆமா," என்றேன்.

"என்ன? கேக்கலம்மா, ஒரே சத்தமா இருக்கு!"

இரண்டாம் தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் பேசி முடிவு செய்யட்டும். ஜூரோங்குக்கும் எம்ஆர்டி ரயில் போகத்தானே செய்கிறது.

"ஒண்ணுமில்ல!" என்று கத்தினேன். "நீங்க ஏதாச்சும் சொல்லணுமா?"

அவர் தொண்டையைச் செருமினார். அத்தனை வருடம் பஸ் ஓட்டிய மனிதர், என்ன சொல்வது என்று தெரியாமல் தடுமாறுவது கேட்டது. கடைசியில், "அவங்க சாப்ட்டாங்களா?" என்றார்.

தோழி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னக்கா? என்ன சொல்றார்?"

"சாப்ட்டியான்னு கேக்குறாரு."

அவள் குளித்தும் சேறு போகாத நகத்தைக் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் இல்லை எண்டு சொல்லுங்க," என்றாள்.